கோதுமை பிஸ்கட்டுக்கு மைதா கலந்தே ஆக வேண்டுமா?

மே 6, கேள்வி

வீட்டுக்குப் புதிதாக ஓடிஜி (சின்ன மின்சார அவன்) வாங்கியிருக்கிறோம். பிள்ளைகளுக்கு மைதா வேண்டாம் என்று முழுக்கோதுமை மாவில் பிஸ்கட் போட்டேன். முதலில் வந்தது பல் உடைகிற மாதிரி. அடுத்து வந்தது காய்ந்த சப்பாத்தி. பேக்கரி வைத்திருக்கும் சொந்தக்காரர் ஒருவர், "பாதிக்குப் பாதி மைதா கலக்காமல் பிஸ்கட் வராது, யார் சொன்னாலும் நம்பாதே" என்கிறார். உண்மையா? ஊர் செங்கோட்டை.

மே 6, இரவு

வரும். மைதா ஒரு சிட்டிகைகூட வேண்டாம். உங்களுக்குக் கெடுதல் செய்தது கோதுமை இல்லை, தண்ணீர்.

நான் பேக்கரிக்காரன் இல்லை. பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லை ஓரம், கொழிஞ்சாம்பாறை பக்கம் மாவு மில் வைத்திருக்கிறேன். கோதுமையை அரைத்துக் கொடுப்பதுதான் பிழைப்பு. அதனால் மாவு எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்பது கைக்குத் தெரியும். கல்லில் அரைக்கும்போது கோதுமையின் ஸ்டார்ச் மணிகள் நிறைய நசுங்கி உடைகின்றன. உடைந்த மணி தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். சப்பாத்தி மெத்தென்று வருவது இதனால்தான். பிஸ்கட்டுக்கு வேண்டியது நேர் எதிர். போட்ட ஈரம் எல்லாம் வெளியே போக வேண்டும். நீங்கள் சப்பாத்தி மாவு பிசைகிற பழக்கத்தில் தண்ணீர் ஊற்றி, அழுத்திப் பிசைந்திருப்பீர்கள். சப்பாத்திக்கு 100 கிராம் மாவுக்கு 65, 70 மில்லி தண்ணீர் போகிறது. பிஸ்கட்டுக்கு 200 கிராம் மாவுக்கே இரண்டு மூன்று மேசைக்கரண்டி பால் போதும். அதற்கு மேல் போனால் மாவு இழுவை கட்டும். இழுவை கட்டினால் வேகும்போது இறுகும்.

எவ்வளவு வெண்ணெய் போட்டீர்கள் என்று சொல்லவே இல்லையே. குறைத்திருப்பீர்கள் என்று சந்தேகம்.

மே 7

வெண்ணெய் 50 கிராம்தானாம், "உடம்புக்கு நல்லது என்று" குறைத்தாராம். நினைத்தேன். கொழுப்பைக் குறைத்தால் அந்த இடத்தில் தண்ணீர் புகுந்துகொள்ளும். வெண்ணெய் மாவுத் துகளைச் சுற்றிப் பூசிக்கொண்டு, தண்ணீர் மாவுக்குள் போகாமல் தடுக்கிற வேலையைச் செய்கிறது. அதை எடுத்துவிட்டு பிஸ்கட் மொறுமொறுவென்று இல்லை என்று வருத்தப்பட்டால் எப்படி?

எங்கள் வீட்டுக் கணக்கு இது. கோதுமை மாவு 200 கிராம், வெண்ணெய் 100 கிராம், பொடித்த சர்க்கரை 80 கிராம், பேக்கிங் பவுடர் அரை டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன், பால் இரண்டு மேசைக்கரண்டி. கையில் இன்னொரு கரண்டி தயாராக இருக்கட்டும். உப்பு போட்ட வெண்ணெய் என்றால் உப்பை விட்டுவிடுங்கள்.

வெண்ணெய் அழுத்தினால் விரல் பதிகிற பதத்தில் இருக்க வேண்டும், உருகி ஓடக் கூடாது. சர்க்கரையோடு சேர்த்து நிறம் வெளுக்கும் வரை அடியுங்கள். மாவு, பேக்கிங் பவுடர், உப்பு மூன்றையும் ஒன்றாகச் சலித்து, சல்லடையில் நிற்கிற தவிட்டைத் திரும்ப அதிலேயே கொட்டுங்கள். தவிட்டைத் தூக்கி எறிந்துவிட்டு முழுக்கோதுமை என்று பெயர் சொல்ல வேண்டாம். விரல் நுனியால் உதிர்த்து உதிர்த்துக் கலந்து, பாலைக் கரண்டி கரண்டியாக விட்டு, ஒன்று கூடினால் போதும். பிசையாதீர்கள். மூடி, ஃப்ரிட்ஜில் அரை மணி நேரம்.

பிறகு இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவில் வைத்து, அரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான கனத்தில் தேய்த்து, டப்பா மூடியால் வெட்டி, முள்கரண்டியால் குத்துங்கள். குத்துவது அழகுக்கு இல்லை. ஆவி அந்த வழியாகப் போகாவிட்டால் நடுவில் பூரி எழும்பும். 170 டிகிரியில் முன்கூட்டியே பத்து நிமிடம் சூடு ஏற்றிய ஓடிஜியில் 14 முதல் 16 நிமிடம். பாதியில் தட்டைத் திருப்பி வைக்க வேண்டும்.

வெளியே எடுக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும். வேகவில்லை என்று நினைத்து மறுபடி உள்ளே தள்ளிக் கருக்கியவர்கள் அநேகம். ஆறினால்தான் இறுகும்.

மே 7, மாலை

கப் கணக்கில் சொல்லச் சொல்லி இரண்டு பேர். சொல்ல மாட்டேன். அதே கப்பில் மாவைத் தூவி நிரப்பினால் 110 கிராம், தட்டித் தட்டி நிரப்பினால் 140 கிராம். 30 கிராம் மாவு கூடிப்போன இடத்தில் நீங்கள் பால் ஊற்றுவீர்கள், பிறகு கதை முதலில் இருந்து தொடங்கும். சின்னத் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மில்லுக்கு வருகிறவர்கள் என் தராசைத்தான் நம்ப மாட்டேன் என்பார்கள், வீட்டில் கப்பை நம்புவார்கள்!

மே 9

பாக்கெட் ஆட்டாவா, மில் மாவா என்று கேள்வி. நான் மில்காரன், என் பதில் உங்களுக்கே தெரியும். ஆனாலும் நியாயமாகச் சொல்கிறேன். பிஸ்கட்டுக்கு இரண்டும் ஆகும். சப்பாத்தி மெத்தென்று வருவதற்காகவே அரைத்த பாக்கெட் மாவு கொஞ்சம் கூடுதலாக ஈரம் கேட்கும். அதற்கு மசிந்து கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

மில்லில் அரைத்தால் இரண்டு விஷயம். மாவு கல்லில் இருந்து சூடாக விழும். கையை வைத்தால் வெதுவெதுப்பு தெரியும். அதை அப்படியே டப்பாவில் அடைத்து மூடிக்கொண்டு போகிறார்கள். மூடியின் உள்பக்கம் வேர்த்து, அந்த ஈரம் மாவிலேயே சொட்டும். வீட்டுக்குப் போய்த் துணியில் பரப்பி ஆறவிட்டு அடையுங்கள். அடுத்தது, "நைஸா" என்று கேட்டு வாங்குங்கள். தவிடு பெரிய செதிலாக நின்றால் பிஸ்கட் ஓரம் பிளக்கும். கல் கொத்தி கொஞ்ச நாள் ஓடிய பிறகு வருகிற மாவுதான் சீராக இருக்கும். கொத்தின அன்றைக்கே வந்து வரிசையில் நிற்காதீர்கள், முதலில் விழுகிற மாவில் கல் தூள் இருக்கும். நாங்கள் தவிட்டைப் போட்டு ஓட்டித்தான் கல்லைச் சுத்தம் செய்வோம். எல்லா மில்லிலும் அந்தப் பொறுமை இருக்கும் என்று சத்தியம் செய்ய முடியாது.

எல்லையில் இருப்பதில் ஒரு வேடிக்கை. தமிழ்நாட்டுப் பக்கம் ரேஷனில் கோதுமை மணியாக வரும், கேரளப் பக்கம் ஆட்டா பாக்கெட்டாகவும் உண்டு. வேலந்தாவளம் எல்லை தாண்டித் தமிழ்நாட்டில் இருந்து வருகிறவர்கள் மூட்டையோடு மில்லுக்கு வருவார்கள். எங்கள் தெருவில் இருக்கிறவர்கள் பாக்கெட்டைப் பிரித்து, இன்னும் கொஞ்சம் நைஸாக்கித் தர முடியுமா என்பார்கள். முடியாது என்று சொன்னால் கோபம்.

மே 12

பேக்கரி சொந்தக்காரரைப் பற்றிக் கொஞ்சம் நியாயம் பேச வேண்டும். என் மச்சானும் பொள்ளாச்சியில் பேக்கரி மாஸ்டராக இருந்தவன். இந்த இழையைப் படித்துவிட்டு, "மாமா, நீங்க சொல்றது வீட்டுக்குச் சரி, கடைக்கு ஆகாது" என்றான். அவன் சொன்னதில் விஷயம் இருக்கிறது.

கோதுமை மணியில் தவிடு 14 சதவீதம் சுமார், முளைக்கரு 3 சதவீதத்துக்குள், மீதி வெள்ளைப் பகுதி. அந்த முளைக்கருவில் எண்ணெய் இருக்கிறது. அரைத்ததும் அந்த எண்ணெய் காற்று படத் தொடங்கி நாளடைவில் காறல் எடுக்கும். மைதாவில் முளைக்கருவும் இல்லை, தவிடும் இல்லை, மாதக்கணக்கில் மூட்டையில் கிடக்கும். கடைக்காரர் மாவும் இருப்பு வைக்க வேண்டும், பிஸ்கட்டும் இருப்பு வைக்க வேண்டும். நிறம் தினமும் ஒன்றுபோல வர வேண்டும், அச்சில் ஒட்டாமல் விழ வேண்டும். மைதா இதற்கெல்லாம் தலையாட்டும். கோதுமை மாவு மில்லுக்கு மில், மூட்டைக்கு மூட்டை குணம் மாறும். ஆக "மைதா இல்லாமல் பிஸ்கட் வராது" என்பதற்கு அர்த்தம், மைதா இல்லாமல் வியாபாரம் வராது என்பதுதான். அதை அவர்கள் வாயால் சொல்ல மாட்டார்கள்.

காறல் வந்த மாவைக் கண்டுபிடிக்க ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்தால் போதும், துப்பிவிடுங்கள். அடிநாக்கில் கசந்தால் அந்த மாவு பிஸ்கட்டுக்கு வேண்டாம். அந்தக் கசப்பை ஏலக்காய் மறைக்காது. இரண்டு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வேன். மில்காரன் அடிக்கடி வரச் சொல்கிறான் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

மே 13

மச்சான் இன்னொன்றும் சொன்னான், விட்டுப்போயிற்று. கடையில் மெல்லிய பிஸ்கட்டுக்கு "அமோனியா" போடுவார்கள், அதாவது அமோனியம் பைகார்பனேட். சூட்டில் முழுவதும் வாயுவாகிப் போய்விடும், சோடா மாதிரி மிச்சம் விடாது. அந்த மொறுமொறுப்பு வீட்டில் முழுசாக வராததற்கு அதுவும் ஒரு காரணம். வீட்டில் போடலாமா என்றால், நான் போடுவதில்லை. அடுப்பைத் திறந்ததும் மூக்கைத் தூக்கும். கனமான பிஸ்கட் என்றால் வாசனை உள்ளேயே தங்கிவிடும்.

சோடாவை அள்ளிப் போட்டுச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள். சோப்பு ருசி வரும்.

மே 18

நெய்யில் செய்யலாமா? பக்கத்து வீட்டு சேச்சி நெய்யில்தான் செய்வார், வெண்ணெயைத் தொடமாட்டார். அவர் வீட்டு பிஸ்கட்டை வாயில் வைத்தால் மணலாக உதிரும், கடிக்கிற சத்தமே கேட்காது. காரணம் எளிது. வெண்ணெயில் 80 சதவீதம்தான் கொழுப்பு, மீதியில் பெரும்பகுதி தண்ணீர். நெய் ஏறக்குறைய முழுக் கொழுப்பு. ஈரமே இல்லாத இடத்தில் மாவு ஒன்றோடு ஒன்று பிடிக்காது. நான்கட்டாய் உதிர்வதும் இதே கணக்கு.

உங்களுக்கு உதிர்வது பிடிக்கும் என்றால் 100 கிராம் வெண்ணெய்க்குப் பதில் 80 கிராம் நெய், உறைந்த நெய்யாக. பால் ஒன்றரைக் கரண்டி. தேய்த்து வெட்ட வராது, உருட்டித் தட்டி வையுங்கள். சேச்சி மேலே ஒரு முந்திரிப் பருப்பை அமுக்குவார். முந்திரி கீழே விழாமல் வெந்தால் அன்றைக்கு அவருக்கு நல்ல நாள்.

தேங்காய் எண்ணெய் கேட்டவருக்கு: இங்கே எல்லாரும் ஒருமுறை முயற்சி செய்கிற விஷயம்தான். 24, 25 டிகிரிக்கு மேல் அது உருகிவிடும். மார்கழி விடியலில் உறைந்திருக்கும், சித்திரையில் தண்ணீராக ஓடும். உருகிய எண்ணெயில் சர்க்கரையை அடித்துக் காற்று ஏற்ற முடியாது. ஃப்ரிட்ஜில் உறைய வைத்துப் போட்டால் நன்றாகவே வரும், வாசனைக்குப் பழகியிருந்தால். பொள்ளாச்சிக்காரர்களுக்குப் பரவாயில்லை, சென்னைக்கு அனுப்பினால் "தலைக்குத் தேய்க்கிற எண்ணெயா" என்பார்கள்.

டால்டா பற்றியும் ஒரு கேள்வி. வனஸ்பதியில் டிரான்ஸ் கொழுப்பு (இதயத்துக்குக் கெடுதலான வகை) 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2022 ஜனவரியில் இருந்து விதி. அதனால் பழைய பயம் முழுசாக இன்று பொருந்தாது. ஆனால் வீட்டில் செய்வதே ருசிக்கு. டால்டா போட்டு வீட்டில் செய்வதற்குக் கடையில் வாங்கிவிடலாம்.

மே 26

வெல்லம், கருப்பட்டி. இதற்காகத்தான் பாதிப் பேர் காத்திருந்தீர்கள் போலிருக்கிறது.

வெல்லத்தைப் பாகு காய்ச்சி ஊற்றுகிற செய்முறை எல்லா இடத்திலும் சுற்றுகிறது. அது பிஸ்கட் ஆகாது, வெல்ல ரொட்டி ஆகும். பாகு என்றாலே தண்ணீர். சர்க்கரை மாதிரி இல்லை வெல்லம். அதில் குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் கொஞ்சம் உண்டு, அவை காற்றில் இருக்கிற ஈரத்தையும் இழுக்கும். அதனால் வெல்ல பிஸ்கட் சீக்கிரம் நமுத்துப்போகும், சீக்கிரம் கருகும். இரண்டும் சேர்ந்தே வரும் தொல்லை.

செய்ய வேண்டியது: பழைய, கட்டியான வெல்லமாகப் பார்த்து வாங்கித் துருவி, தட்டில் பரப்பி நல்ல வெயிலில் காய விடுங்கள். பிறகு செய்முறையில் இருக்கும் மாவிலிருந்தே இரண்டு கரண்டி எடுத்து அதோடு சேர்த்து மிக்சியில் அடித்தால் கட்டி பிடிக்காமல் பொடியாகும். பால் ஒரு கரண்டியில் நிறுத்துங்கள். சூடு 160, நேரம் இரண்டு மூன்று நிமிடம் கூட. நிறத்தைப் பார்த்து வெந்துவிட்டது என்று நம்பாதீர்கள். மாவே பழுப்பு, வெல்லமும் பழுப்பு, நிறம் எதையும் சொல்லாது. ஆறியதும் ஒன்றை ஒடித்து, ஒடிந்த முகத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். மேலும் கீழும் வெளிறி, நடுவில் மெல்லிய கருங்கோடு ஓடினால் அது ஈரம். விரலால் அந்த இடத்தை நெருடினால் பொடியாகாமல் மெழுகாகத் திரளும். எல்லாவற்றையும் திரும்ப அடுப்பில் வைத்து 120 டிகிரியில் பத்து நிமிடம் காய விடுங்கள், அந்தக் கோடு போய்விடும்.

எங்கள் சித்தூர் தாலுகாவில் பனையும் தென்னையும் ஏராளம். கேரளத்தின் கள்ளில் பெரும்பங்கு இங்கிருந்து போகிறது. கள்ளுக்குப் போக மிஞ்சுகிறதுதான் கருப்பட்டி ஆகும் என்பதால் நல்ல கருப்பட்டிக்கு நாங்களே தெற்கே உடன்குடிப் பக்கம் பார்க்க வேண்டியிருக்கிறது. பனங்கருப்பட்டி போட்டால் சுக்கும் ஒரு சிட்டிகை சேருங்கள். ஏலக்காய் வேண்டாம், இரண்டும் சண்டை போடும்.

ஜூன் 10

செங்கோட்டையில் இருந்து திரும்பக் கேள்வி வந்திருக்கிறது. பிஸ்கட் நன்றாக வந்ததாம், மாலைக்குள் நமுத்துப்போனதாம். சாரல் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்! ஆரியங்காவு கணவாய் வழியாக ஈரக்காற்று நேராக உங்கள் சமையலறைக்குள் வந்தால் பிஸ்கட் என்ன செய்யும், பாவம்.

நன்றாகக் காய்ந்த பிஸ்கட்டில் ஈரம் இரண்டு மூன்று சதவீதம்தான். காற்றில் ஈரம் கூடுதலாக இருந்தால் அதை வாங்கிக்கொண்டே இருக்கும். நாங்களும் பாலக்காட்டுக் கணவாய்க்குள்தான் இருக்கிறோம், ஆனால் கிழக்கு ஓரம். கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி எல்லாம் மழை மறைவு நிலம். திருச்சூரில் கொட்டுகிற நாளில் இங்கே காற்று மட்டும் அடிக்கும். அதே மாவு, அதே அடுப்பு, திருச்சூரில் இருக்கிற என் மகள் வீட்டில் செய்தால் இரவுக்குள் வளைகிறது. கையில் குறை இல்லை, வானத்தில்தான்.

மழை மாதத்தில் நான் செய்வது: கனத்தைக் குறைத்துத் தேய்ப்பேன். எடுத்த பிறகு 110, 120 டிகிரியில் ஒரு காய்ச்சல் கட்டாயம். அடுப்பை அணைத்துக் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்து உள்ளேயே ஆற விடுவேன். கைபொறுக்கும் சூடு முழுசாகப் போனதும் உடனே எவர்சில்வர் டப்பாவில் அடைப்பேன். சூட்டோடு அடைத்தால் மாவுக்குச் சொன்ன கதைதான். டப்பா அடியில் வறுத்து ஆறவைத்த அரிசி ஒரு கைப்பிடி, துணியில் முடிந்து. பெரிய டப்பா ஒன்றைவிடச் சின்ன டப்பா நான்கு நல்லது, திறக்கிற கைகள் குறையும்.

நமுத்ததைத் தூக்கி எறியாதீர்கள், 120 டிகிரியில் எட்டு நிமிடம். வெல்ல பிஸ்கட் என்றால் மட்டும் பக்கத்திலேயே நில்லுங்கள்.

ஜூன் 11

"அரிசியை அப்புறம் சமைக்கலாமா?" என்று கேட்டவருக்கு: தாராளமாக.

ஜூன் 12

நான் மே 7-ல் எழுதிய 170 டிகிரி சாதாரண ஓடிஜிக்கு. உள்ளே விசிறி ஓடுகிற வகை என்றால் 150, 155 போதும். காற்று சுழலும்போது மேல்பக்கம் சீக்கிரம் காய்ந்துவிடும். இன்னொன்று, எங்கள் பக்கம் சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும். குமிழில் 170 என்றிருக்கும், உள்ளே 140கூட இருக்காது. பத்து நிமிடத்தில் கம்பி சிவக்கவில்லை என்றால் அன்றைக்கு பிஸ்கட் வேண்டாம், மாவை ஃப்ரிட்ஜிலேயே விட்டுக் காலையில் செய்யுங்கள். ஒரு ராத்திரி ஊறிய மாவு இன்னும் நல்லது. தவிடு மெதுவாகத்தான் ஈரம் வாங்கும். அரை மணி நேரம் என்று நான் சொன்னது கீழெல்லை.

ராத்திரி ஊறியதும் மாவு உதிர்ந்தால் பயந்து பால் ஊற்றக் கூடாது. குளிரில் வெண்ணெய் இறுகியிருக்கிறது. வெளியே வைத்துக் கொஞ்சம் தளர விட்டு, கையை நனைத்து உதறிவிட்டுச் சேர்த்துப் பாருங்கள்.

ஜூன் 23

சர்க்கரை நோய் உள்ள அப்பாவுக்குக் கொடுக்கலாமா என்று ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். "கோதுமைதானே" என்றும் சேர்த்திருக்கிறார். அந்தக் "கோதுமைதானே" எனக்குப் பயமாக இருக்கிறது.

கணக்கு போடுவோம். 200 கிராம் மாவில் சுமார் 680 கலோரி, 100 கிராம் வெண்ணெயில் 720, 80 கிராம் சர்க்கரையில் 320. மொத்தம் 1,720. இதில் 34 பிஸ்கட் வரும் என்று வைத்துக்கொண்டால் ஒன்றுக்கு 50 கலோரி. நார்ச்சத்து? கோதுமை மாவில் 100 கிராமுக்கு 11 கிராம் சுமார், மைதாவில் 3க்கும் குறைவு. பெரிய வித்தியாசம்தான். ஆனால் ஒரு பிஸ்கட்டுக்கு வகுத்தால் முக்கால் கிராம்கூட இல்லை. அரைக் கொய்யா இதைவிடப் பல மடங்கு தரும், வெண்ணெய் இல்லாமல். மைதா பிஸ்கட்டைவிட இது மேல், அவ்வளவுதான். அப்பாவுக்கு எத்தனை என்று அவருடைய டாக்டரைக் கேளுங்கள், மில்காரனை வேண்டாம். வெல்லத்துக்கு மாற்றினால் சரியாகிவிடுமா என்றால், ஆகாது. வெல்லமும் இனிப்புதான்.

கடை பாக்கெட்டைப் பற்றி: முன்பக்கத்தில் கோதுமைக் கதிர் படம் இருக்கும். திருப்பிப் பாருங்கள். சேர்மானங்களை எடை அதிகமானதில் தொடங்கி இறங்கு வரிசையில் அச்சிட வேண்டும் என்பது சட்டம். முதலில் மைதா வந்து பிறகு ஆட்டா வந்தால் அது மைதா பிஸ்கட், ஆட்டா விருந்தாளி. 500(ii) என்றிருந்தால் சமையல் சோடா, 503(ii) என்றிருந்தால் மச்சானுடைய அமோனியா. எண்ணைப் பார்த்து விஷம் என்று வாட்ஸ்அப்பில் பரப்பாதீர்கள்.

டைஜஸ்டிவ் என்ற பெயரும் மருந்தில்லை. ஸ்காட்லாந்தில் மெக்விட்டீஸ் 1892-ல் அந்த பிஸ்கட்டைப் போட ஆரம்பித்த காலத்தில், சோடா உப்பு சேர்ந்திருப்பதால் செரிமானத்துக்கு நல்லது என்ற நம்பிக்கை இருந்தது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

ஜூலை 2

ஓடிஜி இல்லை, குக்கரில் செய்யலாமா? செய்யலாம், ஆனால் குக்கரைவிடப் பழைய இருப்புச்சட்டி நல்லது. கனமாக இருக்கும், கேஸ்கெட் கவலை இல்லை. குக்கர்தான் உண்டு என்றால் கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டுத்தான். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாது. அடியில் ஒரு அங்குலம் கல் உப்பு, மேலே முக்காலி, அதன் மேல் தட்டு. பத்து நிமிடம் மிதமான தீயில் காய விட்டு, பிஸ்கட்டை வைத்துச் சிறு தீயில் 20 நிமிடம். அடி முதலில் சிவக்கும், மேல்புறம் வெளிறியே இருக்கும். வெந்து இறுகிய பிறகு திருப்பிப் போட்டு மூன்று நான்கு நிமிடம். நான்ஸ்டிக் பாத்திரத்தை வெறுமனே காய வைக்காதீர்கள்.

அந்த உப்பை வைத்து ரசம் செய்யலாமா என்று யாரோ கேட்கத்தான் போகிறார்கள். வேண்டாம், அடுத்த தடவைக்கு வையுங்கள்.

ஜூலை 15

கொஞ்சம் விஷயத்தை விட்டு விலகுகிறேன், மழைக்கு மில்லில் ஆள் இல்லை.

எங்கள் ஊர்ச் சாயக்கடையில் டீயோடு கேட்பது "கடி". கடி என்றால் உள்ளி வடை, சுகியன், பழம்பொரி. பிஸ்கட் அந்தக் கணக்கிலேயே சேராது, கண்ணாடி ஜாடியில் மாணவர்களுக்காக நிற்கும். கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போனால் அதே டீக்கு பன் பட்டர் ஜாம், பொறை, உப்பு பிஸ்கட். இத்தனைக்கும் தென்னிந்திய பேக்கரிக் கதை பெரும்பாலும் கேரளக் கதை. பர்மாவில் தொழில் கற்று வந்த மாம்பள்ளி பாப்பு 1880-ல் தலச்சேரியில் பிஸ்கட் ஃபேக்டரி ஆரம்பித்தார். 1883-ல் ஒரு வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி கேட்டு அவர் செய்து கொடுத்த கேக்கைத்தான் இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக் என்கிறார்கள். பிஸ்கட்டில் ஆரம்பித்தவரை ஊர் கேக்குக்காக நினைவில் வைத்திருக்கிறது. பிஸ்கட்டின் தலைவிதி அப்படி.

செங்கோட்டைக்காரருக்கு நினைவிருக்கும், 1956 நவம்பர் 1 வரை அவர் ஊர் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம், பிறகுதான் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. எங்கள் சித்தூர் பழைய கொச்சி ராஜ்ஜியம். எல்லை நகர்ந்தபோது உங்களுக்கு பொறை கிடைத்தது, எங்களுக்கு சுகியன். யார் ஜெயித்தது என்று சண்டை வேண்டாம். எனக்குத் தெரியும், நீங்கள்தான்.

 

ஜூலை 16

விற்கலாம் என்று யோசிப்பவருக்கு: வீட்டில் செய்து விற்றாலும் எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு வேண்டும், பாக்கெட்டில் சேர்மானமும் தேதியும் வேண்டும். மே 12-ல் எழுதிய காறல் விஷயத்தை இன்னொரு முறை படியுங்கள். ஆர்டர் வந்த பிறகு செய்யுங்கள், செய்து வைத்து ஆர்டர் தேடாதீர்கள்.

ஆகஸ்ட் 4

சம்பா கோதுமையில் செய்தால் என்ன ஆகும் என்று ஒரு பொள்ளாச்சி அண்ணன் கேட்டுக்கொண்டே இருந்தார். ரவைக்கும் கஞ்சிக்கும் வாங்குவோமே, அந்தச் செம்மணி. அவரே அரை கிலோ கொண்டுவந்து அரைத்துக்கொண்டு போனார், பிறகு பிஸ்கட்டும் கொண்டுவந்து கொடுத்தார். நிறம் அருமை, வாசனை வறுத்த கடலைப் பக்கம் போகிறது. ஓரமெல்லாம் பிளந்திருந்தது.

பிளக்கத்தான் செய்யும். சப்பாத்திக் கோதுமை அளவுக்கு இதில் பசை பலமில்லை. பிஸ்கட்டுக்கு அது வரம், ஆனால் தேய்த்து வெட்டும்போது தொல்லை. கல்லும் இதற்குத் திணறும், மணி அவ்வளவு கெட்டி. ஒரே ஓட்டில் நைஸாக வராது, இரண்டு ஓட்டு விட்டேன். மாவு கூடுதலாகச் சூடாகியிருந்தது, அதனால் சாக்கில் பரப்பி ஆறவிட்டுத்தான் கொடுத்து அனுப்பினேன்.

நீலகிரியில் வெலிங்டனில் ஒரு கோதுமை ஆராய்ச்சி நிலையம் இருப்பது பலருக்குத் தெரியாது. கோதுமையே விளையாத ஊர்களுக்கு நடுவில் எதற்கு என்று நானும் நினைத்ததுண்டு. கோதுமைத் துரு நோய் நீலகிரியிலும் பழனி மலையிலும் வருடம் முழுக்கத் தங்கியிருந்து அங்கிருந்து சமவெளிக்கு இறங்குமாம். நோய் இருக்கிற இடத்திலேயே ரகங்களை நிறுத்திச் சோதிக்கிறார்கள். சம்பா வகைக்கும் அங்கே வேலை நடக்கிறது.

அண்ணனுக்குச் சொன்னது இதுதான். பாதி சம்பா, பாதி சாதாரணக் கோதுமை. மாவை ராத்திரியே பிடித்து வையுங்கள். தேய்க்க வேண்டாம், எலுமிச்சை அளவு உருட்டி டம்ளர் அடியால் அமுக்குங்கள், ஓரம் வெடித்தால் விரலால் கூட்டிவிடுங்கள். 165 டிகிரி. முழுச் சம்பாவிலேயேதான் வேண்டும் என்றால் பால் அரைக் கரண்டி கூடட்டும், அதற்கு மேல் வேண்டாம். அடுத்த மூட்டைக்கு வரும்போது தட்டோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அரவைக் கூலியில் கழிக்க மாட்டேன் என்பதையும் சொல்லிவிட்டேன்.